முப்பத்தொண்ணாம் நம்பர் டியூப்

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க தாயி. எனக்கு எங்கிட்டு உக்காந்தாலும் ஒண்ணுதான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால மட்டும் உக்கார மாட்டேன். எங்க வீட்டுக்காரவுக முப்பது வருஷம் பஸ் ஓட்டுனவுக. அங்க உக்காந்தா கண்ணு டிரைவரோட முதுகையே பாக்கும். எதுக்கு அந்த வம்பு.

இது மடியில இருக்கது கதப் புஸ்தகம் இல்ல, தீசிஸ். டாக்டர் பட்டத்துக்கு எழுதுறது. நான் எழுதல தாயி, நான் லேப் டெக்னீசியனா இருந்து ரிட்டையர் ஆனவ. எழுதுனது தமயந்தினு ஒரு புள்ள, பரமக்குடிப் பக்கம். இன்னைக்குப் பதினோரு மணிக்கு அதுக்கு வைவா. வைவானா, அந்தப் புள்ள மேடையில நின்னு இந்த அஞ்சு வருஷமா என்ன பண்ணுச்சுனு சொல்லணும். வெளியூர்ல இருந்து ஒரு பெரிய புரொபசர் வந்து கேள்வி கேப்பாக. அவுக முடிச்சதும் கீழ உக்காந்திருக்கவுகளப் பாத்து, வேற யாருக்காச்சும் கேள்வி இருக்கானு கேக்கணும். அதான் சட்டம். யாரு வேணும்னாலும் எந்திரிச்சு கேக்கலாம். வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் கேட்டாலும் பதில் சொல்லித்தான் ஆகணும். யாரும் கேக்க மாட்டாக, எல்லாரும் முடிஞ்சதும் குடுக்குற சமோசாவ நெனச்சுக்கிட்டு வாய மூடி இருப்பாக. நான் இன்னைக்குக் கேக்கப் போறேன். ஒரே ஒரு கேள்வி. அதுக்குத்தான் விருதுநகர்ல தங்கச்சி வீட்ல இருந்து விடிஞ்சும் விடியாமக் கிளம்பி வாரேன்.

அது என்ன கேள்வினு சொல்றேன். திருமங்கலம் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன். நீங்க தூங்கணும்னா தூங்குங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்.

சக்கரைக்காரவுக கால்ல புண்ணு வந்தா என்னாகும்னு தெரியும்ல? அதுல சூடோமோனாஸ்னு ஒரு கிருமி வந்து உக்காரும். பச்சையாச் சீழ் வைக்கும். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கிருமியோடதான் குடும்பம் நடத்துனேன், அதப் பத்தி என்ட்ட கேளுங்க. நாலஞ்சு பேரா இருக்கப்ப அது ஒரு வம்புக்கும் போகாது. பரம சாதுவா இருக்கும். ஆனா ஒவ்வொண்ணும் தன்னால ஒரு மருந்து மாதிரி ஒண்ண வெளிய விட்டுக்கிட்டே இருக்கும். 'நான் இருக்கேன், நான் இருக்கேன்'னு சொல்றது அது. கூட்டம் கூடக் கூட அந்தப் பேச்சும் கூடும். ஒரு அளவுக்கு மேல போனதும், சரி, நாம போதுமான ஆளு சேந்துட்டோம்னு எல்லாம் ஒரே நேரத்துல விஷத்த எறக்கும். அப்பறம் எந்த மருந்தும் லேசுல கேக்காது.

தமயந்தி என்ன பண்ணுச்சுனா, அந்தப் பேச்சக் கேக்குறதுக்கு அந்தக் கிருமிக்குள்ளேயே காது மாதிரி ஒரு புரதம் இருக்கு, அத மட்டும் தனியா எடுத்துச்சு. எடுத்து, பச்சையா மினுங்குற இன்னொரு புரதத்தோட சேத்து ஒட்டுச்சு. அந்தப் பேச்சு வந்து இதுல ஒக்காந்தா பச்ச வெளிச்சம் வரும். கிருமி விஷத்த எறக்குறதுக்கு முன்னாலேயே, பேசிக்கிட்டு இருக்கப்பவே நமக்குத் தெரிஞ்சு போகும். கேக்கச் சுளுவா இருக்கு. அந்தப் புரதம் அமையவே ஒன்றர வருஷம் ஆச்சு. கொஞ்சம் சூடு பட்டா பால் திரிஞ்ச மாதிரி திரிஞ்சு போகும். ஐஸ் டப்பாவக் கையில வச்சுக்கிட்டே அலையும் அந்தப் புள்ள. நான்தான் திட்டித் திட்டிச் சோறு திங்க வைப்பேன். பெத்த புள்ள இல்ல எனக்கு. வேற எப்படிச் சொல்ல.

சரி, இனிமேத்தான் விஷயம். வெளிச்சம் வர்றது நெசமானு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரி வார்டுல கால்புண்ணோட வந்து சேர்றவுக நாப்பது பேருட்ட தினமும் காலையில புண்ணுல இருந்து பஞ்சுக்குச்சியில எடுத்துட்டு வந்து பாக்கணும். ஆனா எது யாரோடதுனு பாக்குறவுகளுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா, இவுகளுக்குப் புண்ணு மோசம்னு மனசுல இருந்தா, இல்லாத வெளிச்சமும் கண்ணுக்குத் தெரியும். அதனால டியூப்ல வெறும் நம்பர்தான். எந்த நம்பர் யாருங்கிற லிஸ்ட்ட கவர்ல போட்டு ஒட்டி, பீரோவுல வச்சுப் பூட்டிரணும். நாப்பது பேரும் முடிஞ்ச பிறகுதான் பிரிக்கணும். முன்னால ஒருத்தர் ஆராய்ச்சி பண்ணுனாரு, பாதியில லிஸ்ட்டப் பிரிச்சுப் பாத்துட்டாரு. வெளியூர் புரொபசர் கண்டுபிடிச்சு, அஞ்சு வருஷ வேல குப்பைக்குப் போச்சு. அவரு அழுதுகிட்டே ஊருக்குப் போனத நான் பாத்தேன்.

அதுக்கப்பறம் பீரோச் சாவிய எங்க மேடம், அதான் தமயந்தியோட கைடு, யாருட்ட குடுத்தாக? என்ட்ட. 'பாண்டீஸ்வரிட்ட குடுத்தா எமனே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டா'னு மீட்டிங்ல எல்லாரு முன்னாலயும் சொன்னாக. நான் அந்தச் சாவிய ஊக்குப் போட்டுத் தாலிக்கயித்துல கோத்துக்கிட்டேன். பத்திரமா இருக்க எடம் வேற ஏது.

எங்க வீட்டுக்காரவுகளுக்கு சர்வீஸ் முடிய எட்டு மாசம் இருந்துச்சு. சோலைமலைனு பேரு. முன்னால எஞ்சின் வச்ச பஸ்ஸு, இடது காலுக்குப் பக்கத்துலயே எஞ்சின் சூடு. சக்கரையில காலு மரத்துப் போயிருந்துச்சா, சூடு பட்டது தெரியல. குதிகால்ல கொப்பளம், கொப்பளம் உடைஞ்சு புண்ணு. அந்த வார்டுலயே கொண்டுவந்து சேத்தேன். அந்த வார்டுல சேர்றவுகட்ட எல்லாம் தமயந்தி கையெழுத்து வாங்கும். அவுகளும் போட்டாக. 'புள்ள பாஸ் ஆகட்டும்'னு சொல்லிப் போட்டாக.

நம்பர் எழுதுறது என் வேல. என் புருஷன் நம்பர் எனக்குத் தெரிஞ்சா சரியா வருமா? மெஷின்ல வைக்கிற பிளாஸ்டிக் பிளேட்டுல தொண்ணூத்தாறு குழி, ஒவ்வொரு குழியிலயும் நான்தான் சொட்டு விடுறேன். அவுக சொட்டு வரும்போது கை நடுங்காதா? அன்னைக்கு வார்டுல சேந்தது அஞ்சு பேரு. வார்டு நர்சு ஜெபராணி சிஸ்டர்ட்ட சொல்லி, அந்த அஞ்சு பேருக்கு மட்டும் அவுகளே நம்பர் போட்டு, அவுகளே எழுதி, கவர ஒட்டிக் குடுக்கச் சொன்னேன். யாரும் என்ட்ட அப்படிச் செய்யச் சொல்லல. நானாச் செஞ்சேன். மேடம் அதுக்கும் பாராட்டுனாக.

ஒரு வியாழக்கிழம. காலையில பத்து மணி இருக்கும். மேடம் ஏதோ வெளிநாட்டு மீட்டிங்குக்குப் பிளேன்ல போயிக்கிட்டு இருக்காக. மெஷின் ரூம்ல இருந்து தமயந்தி வந்துச்சு. 'அக்கா, முப்பத்தொண்ணு'னுச்சு. மூஞ்சியில சந்தோஷமும் பயமும் சேந்து இருந்துச்சு. புதன்கிழமையே லேசா இருந்துச்சாம். இன்னைக்கு நாலு மடங்கு. அந்தப் புரதம் மொத மொதல்ல ஒரு நெசமான ஆளோட புண்ணுல பேச்சக் கேட்டுருச்சு. எனக்கும் மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு, அன்னைக்குக் கேசரி வாங்கிக் குடுத்தேன் லேப்புல எல்லாருக்கும். ஆமா தாயி. நான் வாங்கிக் குடுத்தேன்.

கேசரியக் கையில வச்சுக்கிட்டே அந்தப் புள்ள கேட்டுச்சு, முப்பத்தொண்ணு யாருனு பாத்து டாக்டர்ட்ட சொல்லிரலாமானு. நான் முடியாதுனேன். இந்தக் கருவி நெசம் சொல்லுதானு பாக்கத்தான் ஆராய்ச்சியே. இது சொன்னத நம்பி மருந்த மாத்திட்டா, மாத்தலைனா என்ன ஆகியிருக்கும்னு எப்படித் தெரியும்? அந்தப் புள்ளையே எனக்குச் சொல்லிக் குடுத்த பாடந்தான் இது.

மத்தியானம் அந்தப் புள்ள வார்டுக்குப் போயி டூட்டி டாக்டர்ட்ட, இங்க படுத்திருக்கவுகள்ல ஒருத்தருக்கு ஆபத்துனு சொல்லிப் பாத்துச்சாம். அவுக யாருக்குனு கேட்டாகளாம். அந்தப் புள்ளைக்குப் பேரு தெரியல. பேரு இல்லாம மருந்து எப்படி எழுதுறது? திரும்பி வந்து என்ட்ட ரெண்டாவது தடவ கேட்டுச்சு. நான் அந்த அழுதுகிட்டு ஊருக்குப் போன ஆளோட கதையச் சொன்னேன். ஒனக்கும் அப்படி ஆகணுமானு கேட்டேன். யாருக்காகச் சொன்னேன்? அதுக்காகத்தான.

சாயங்காலம் நான் இட்லிக் கேரியரத் தூக்கிக்கிட்டு வார்டுக்குப் போறேன், படிக்கட்டுல வந்து கையப் பிடிச்சுக்கிச்சு.

'அக்கா, அது யாரா இருந்தாலும் அவுகளுக்குனு ஒரு வீடு இருக்கும்ல?'

'அப்படிப் பாத்தா நாப்பது பேருக்கும் வீடு இருக்கு'னேன்.

கைய விட்டுருச்சு. அதுக்கப்பறம் கேக்கல. வெள்ளிக்கிழம பூராவும் என் கூடவே இருந்துச்சு, டியூப் கழுவுச்சு, ஐஸ் ஒடைச்சுச்சு, ஒரு வார்த்த கேக்கல. அதான் தாயி என் கேள்வி. நீ ஏன் இன்னொரு தடவ கேக்கல? படிச்ச புள்ள. என் மேல அம்புட்டுப் பிரியமா இருந்த புள்ள. இன்னொரு தடவ கேட்டிருக்கலாம்ல?

இருங்க, அன்னைக்குச் சாயங்காலத்தச் சொல்லி முடிக்கல.

படிக்கட்டு ஏறி வார்டுக்குப் போனேன். அவுக எந்திரிச்சு உக்காந்திருந்தாக. நல்லாத்தான் பேசுனாக. இட்லி மூணு சாப்பிட்டாக. சாப்பிட்டு, 'பாண்டி, ஒரு வாசன வருது, ஒனக்கு வரலையா?'னாக. என்ன வாசனனு கேட்டேன். 'கம்பத்துல இருந்து பன்னீர் திராட்ச ஏத்திட்டு வர்ற வண்டியில அடிக்குமே, கொஞ்சம் அழுகுன மாதிரி, அது'னாக.

சூடோமோனாஸ் அப்படித்தான் தாயி மணக்கும். பன்னீர் திராட்ச அழுகுற மாதிரி. எங்க லேப்புக்குள்ள நொழஞ்சா மொத வர்றதே அந்த வாசனதான். புதுசா வர்றவுக மூக்கப் பொத்துவாக. இருபத்திரண்டு வருஷமா அதுலயே கெடந்தவளுக்கு மூக்கு செத்துப் போச்சு. சேலையில ஏறி இருக்கும், தலமுடியில ஏறி இருக்கும். கல்யாணத்துக்குப் போனாக்கூட யாராச்சும், என்னக்கா ஏதோ பழ வாசன வருதும்பாக. அதனால நான் சொன்னேன், 'அது என் சேலைங்க'னு. எனக்கு வெக்கமாப் போச்சு. சாப்பிடுற மனுசனுக்குப் பக்கத்துல இப்படி லேப்பு நாத்தத்தோட வந்து நிக்கிறமேனு. ஸ்டூலத் தள்ளிப் போட்டு உக்காந்துக்கிட்டேன்.

மறுநா காலையில தலைக்குக் குளிச்சு, பீரோவுல இருந்து மடிப்புக் கலையாத சேல எடுத்துக் கட்டிக்கிட்டு, லேப்புக்குப் போறதுக்கு முன்னாலேயே நேரா வார்டுக்குப் போனேன். போயி நின்னு, 'இப்ப வருதா?'னு கேட்டேன். அவுக என்னையக் கொஞ்ச நேரம் பாத்தாக. சேலையப் பாத்தாக. அப்பறம் சிரிச்சுக்கிட்டே, 'இல்ல பாண்டி, போயிருச்சு'னாக.

போயிருச்சுனு அவுக வாயாலதான சொன்னாக? நான் நம்பாம என்ன பண்ணுவேன்.

சனிக்கிழம மத்தியானம் ரெண்டு மணிக்குக் குளுரு காய்ச்சல். தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. ஞாயித்துக்கிழம முழங்காலுக்கு மேல எடுத்தாக. அந்தக் கால வச்சுத்தான் முப்பது வருஷம் கிளட்ச்ச மிதிச்சாக. செவ்வாக்கிழம காலையில போயிட்டாக. ரத்தத்துல கலந்துருச்சுனு சொன்னாக. டாக்டர்மார யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன், தெரிஞ்ச நிமிஷத்துல இருந்து எல்லாம் செஞ்சாக. தெரிஞ்சது லேட்டு.

பதினாறாம் நாள் சடங்குல எங்க நாத்தனா தாலியக் கழட்டுனாக. கழட்டும்போது ஊக்கோட சேந்து சாவியும் வந்துருச்சு. இது என்ன சாவினு எல்லாரும் என்னையப் பாக்குறாக. வீட்டுச் சாவியானு கேக்குறாக. நான் வாங்கிக் கையில பொத்தி வச்சுக்கிட்டேன். அப்பறம் ஒரு கறுப்புக் கயித்துல கோத்துக் கழுத்துல போட்டுக்கிட்டேன். ஆராய்ச்சி இன்னும் முடியலையே, இன்னும் ஆறு பேரு பாக்கி இருந்தாக. எங்க வைக்கிறது பின்ன?

தெரியாதுனா தெரியாது தாயி. அப்பவும் எனக்கு அந்த நம்பர் தெரியாது. சத்தியமாத் தெரியாது. மனசுல வந்துச்சானு கேக்குறீகளா? சிஸ்டர் நம்பர் போட்டது அஞ்சு பேருக்கு, அஞ்சுல யாரா வேணும்னாலும் இருக்கலாம்ல. அப்படித்தான் ரெண்டு மாசம் தூங்குனேன். தூங்குனேன்னா, படுத்திருந்தேன்.

நாப்பது பேரும் முடிஞ்ச அன்னைக்கு மீட்டிங் போட்டாக. மேடம், தமயந்தி, ஆஸ்பத்திரியில இருந்து ரெண்டு டாக்டருங்க. சாவி வச்சிருக்கவதான் கவரப் பிரிச்சு வாசிக்கணும். பிரிச்சேன். ஒண்ணுல இருந்து வாசிச்சேன். நான் ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல அந்தப் புள்ள எழுதிக்கிட்டே வருது. முப்பத்தொண்ணுக்கு வந்தேன். ஜெபராணி சிஸ்டர் கையெழுத்து. குண்டு குண்டா எழுதுவாக. 'மு. சோலைமலை, வயசு அம்பத்தேழு.' வாசிச்சேன். தமயந்தி பேனாவக் கீழ போட்டுருச்சு. நான் நிறுத்தல. முப்பத்திரண்டு, முப்பத்திமூணுனு நாப்பது வரைக்கும் வாசிச்சு முடிச்சிட்டுத்தான் உக்காந்தேன். மேடம் அழுதுகிட்டே சொன்னாக, 'பாண்டீஸ்வரி மாதிரி ஒருத்தர நான் பாத்ததே இல்ல'னு.

தமயந்தி வந்து என் கையப் பிடிச்சுச்சு. மன்னிச்சிருங்கனு சொல்லுச்சு. நான் உருவிக்கிட்டேன். அன்னைல இருந்து ஒன்றர வருஷமா அது கூடப் பேசல. நான் ரிட்டையர் ஆன அன்னைக்கு மால வாங்கிட்டு வந்து வாசல்லயே நின்னுச்சு. பாக்காத மாதிரி ஆட்டோ ஏறிட்டேன்.

போன வாரம் இது தபால்ல வந்துச்சு. கூட ஒரு துண்டுச் சீட்டு, 'வாங்கக்கா'னு மட்டும் எழுதியிருந்துச்சு. தங்கச்சி மக நன்றிப் பக்கத்த வாசிச்சுத் தமிழ்ல சொன்னா. என் பேரு போட்டிருக்கு. அவுக பேரு இல்ல. நோயாளி பேரு போடக்கூடாது, அது சட்டம். முப்பத்தொண்ணுக்குச் சமர்ப்பணம்னு போட்டிருக்கு. இந்தா, இந்தப் பக்கத்தப் பாருங்க. ஆளுக்கு ஒண்ணா நாப்பது கோடு இருக்கா? எல்லாம் கீழயே கெடக்கு. கெழக்க சாஞ்சு மேல ஏறுது பாருங்க, இந்த ஒத்தக் கோடு. இதுதான் அவுக. காய்ச்சல் வர்றதுக்கு அம்பத்திரண்டு மணி நேரம் முந்தியே கருவி சொல்லிருச்சுனு இங்க எழுதியிருக்காம். நானும் கணக்குப் போட்டேன். வியாழக்கிழம பத்து மணியில இருந்து சனிக்கிழம ரெண்டு மணி வரைக்கும். சரியா இருக்கு. கேசரி வாங்குன நேரத்துல இருந்து சரியா இருக்கு.

அம்பத்திரண்டு மணி நேரம் இருந்துச்சே தாயி. மூணு தடவ கேட்ட புள்ளைக்கு நாலாவது தடவ கேக்க வாய் வரலையே. அதத்தான் அத்தன பேரு முன்னால எந்திரிச்சு நின்னு கேக்கப் போறேன். கேட்டுட்டு வந்துருவேன். சமோசாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

திருமங்கலம் தாண்டியாச்சு போலயே. அடுத்த ஸ்டாப்புதான் எனக்கு.

என்ன கேட்டீக? சத்தமாச் சொல்லுங்க தாயி, பஸ்ஸு எரச்சல்ல கேக்கல.

நாலாவது தடவ கேட்டிருந்தா குடுத்திருப்பீகளானு கேக்குறீக.

சாவி இந்தா, கழுத்துலதான் இருக்கு. ரிட்டையர் ஆகும்போது யாரும் திருப்பிக் கேக்கல. புதுப் பீரோ வந்துருச்சு, அதுக்கு வேற சாவி. நானும் குடுக்கல.

இல்ல தாயி. குடுத்திருக்க மாட்டேன். நாலு தடவ இல்ல, நாப்பது தடவ கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன். எமனே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டா பாண்டீஸ்வரினு பேரு. அந்தப் புள்ளைக்கு அது தெரிஞ்சுதான் கேக்காம இருந்துச்சு. எமன் வந்தான். நான் குடுக்கல.

கொஞ்சம் இந்தத் தீசிஸப் பிடிங்க, எந்திரிச்சுக்கிறேன். முட்டி பிடிச்சுக்கிச்சு. சரி, குடுங்க. கண்டக்டர், எறக்கம் இருக்கு.

வைவாவுக்குப் போகாம என்ன, போகத்தான் செய்யணும். அந்தப் புள்ள மேடையில நின்னு என்னையத்தான் தேடும். யாருக்காச்சும் கேள்வி இருக்கானு கேக்குறப்ப என் பக்கம் பாக்கும், பயந்துகிட்டே பாக்கும். அதுக்குள்ள நான் வேற ஒரு கேள்வி யோசிச்சு வச்சுக்கிறணும். அதுக்குப் பதில் தெரிஞ்ச கேள்வியா ஒண்ணு.